‘லொடக்’ சத்தமும் 42,000 ரூபாய் எஸ்டிமேட்டும்

கேள்வி: பெங்களூரு ஈஜிபுராவில் இருக்கிறேன். 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார், 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘லொடக்’ என்கிறது. ஓசூர் ரோட்டில் 60ஐத் தாண்டினால் ‘ஊ…’ என்று ஓர் இரைச்சல். காலையில் வண்டி எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு ‘கர்ர்’ என்கிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், லிங்க் ராட், வீல் பேரிங், பிரேக் டிஸ்க் எல்லாம் மாற்ற வேண்டும் என்று 42,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். தெருமுனை மெக்கானிக், “லிங்க் ராட் மட்டும் போதும் சார், 2,500ல முடிச்சிடலாம்” என்கிறார். யாரை நம்புவது? அடுத்த வாரம் குடும்பத்தோடு திருப்பத்தூர் போக வேண்டும், இந்த வண்டியில் போகலாமா?

பதில்: இரண்டு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். உங்கள் வண்டியில் இருப்பது ஒரு சத்தமல்ல, மூன்று. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. அதைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே பில்லில் அடைத்ததுதான் குழப்பம்.

சத்தம் எப்போது வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய உதவி. ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பலர் கன்னடத்தில் ‘சவுண்ட் பர்த்தா இதே’ என்றோ, தமிழில் ‘என்னமோ சத்தம் வருதுங்க’ என்றோ சொல்லி சாவியை நீட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடிவிடுவார்கள். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குப் பார்த்து வண்டி வாயே திறக்காது. அப்புறம் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்ற ஆரம்பிப்பார்கள்.

காலையில் வரும் ‘கர்ர்’ரை முதலில் தள்ளிவைத்துவிடலாம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ராத்திரி மழையோ பனியோ பட்டால் விடிவதற்குள் மேலே மெல்லிசாகத் துரு படியும். பிரேக் அழுத்தும்போது டிஸ்க்கைப் பிடிக்கிற பேட் நாலு முறை உரசினால் போய்விடும். மழைக்காலத்தில் தெருவில் நிற்கிற கார்கள் இப்படி முனகுவது சகஜம். பகல் முழுக்கக் கேட்டால்தான் கவலைப்பட வேண்டும். புது பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு, பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் டிஸ்க் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இப்போது ‘லொடக்’. முன் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே வளைந்த ஒரு கம்பி ஓடுகிறது, ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிப்பது அதன் வேலை. அந்தக் கம்பியின் முனைகளைப் பல சின்னக் கார்களில் ஷாக்கோடு சேர்ப்பதுதான் லிங்க் ராட். சிறிய கம்பிதான், இரு முனையிலும் குழிக்குள் உட்கார்ந்த பந்துபோல ஒரு மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே சேறு போனால் மூட்டில் ஆட்டம் வந்துவிடும்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ரோட்டின் முழு அகலத்துக்கும் போட்ட ஹம்ப்பில் (வேகத்தடையில்) இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராக, மெதுவாக ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளாது, லிங்க் ராடுக்கு வேலை குறைவு, சத்தமும் அடங்கியிருக்கும். அப்புறம் இடது சக்கரம் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறட்டும். அப்போது மட்டும் ‘லொட லொட’ என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான். ஈஜிபுராவில் பள்ளத்தைத் தேட வேண்டியதில்லை. 2017ல் தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்த மேம்பால வேலைக்குக் கீழேயே ஓட்டிப் பழகியவர் நீங்கள். ஹம்ப் கிடைப்பதுதான் கஷ்டம், அதாவது முறையான ஹம்ப். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி அது வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக, 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பது தார் கொட்டிய வரப்பு. நம் ஊர் லிங்க் ராடுகள் சீக்கிரம் போவதில் ஆச்சரியம் என்ன?

ஹம்ப், பள்ளம் எதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் வேறு ஆட்களைப் பார்க்கலாம். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘கடக்’ என்றால் ஷாக்குக்கு மேலே இருக்கும் மவுண்ட். பிரேக் பிடித்ததும் ஒரே ஒரு ‘டொக்’, ரிவர்ஸ் எடுத்ததும் இன்னொரு ‘டொக்’ என்றால் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து யூ-டர்ன் போடும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கர வேகத்துக்கு ஏற்பக் கேட்டால் எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சிலின் ஜாயின்ட், அங்கே கிரீஸ் தெறித்திருக்கும். ஷாக் போயிருந்தால் உடம்பில் எண்ணெய் வழிந்த ஈரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெறும் தூசி படிந்து காய்ந்திருக்கிற ஷாக்கை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மாற்றினால் இடதும் வலதும் ஜோடியாக மாற்ற வேண்டும் என்பது உண்மைதான்.

லிங்க் ராட்தான் என்று தெருமுனை மெக்கானிக் அடித்துச் சொல்கிறாரா? அப்படியானால் நிரூபிக்கச் சொல்லுங்கள், செலவில்லை. இரண்டு லிங்க் ராடையும் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக அதே பள்ளத்தில் ஓட்ட வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் ஆள் பிடிபட்டான். நிற்கவில்லையென்றால் 2,500 ரூபாய் மிச்சம். பாகத்தை ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கினாலும் சரி, பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் பார்த்து பில்லோடு வாங்குங்கள்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி லிஃப்ட்டில் தூக்கியிருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். வண்டி இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. அப்புறம் வீல் அலைன்மென்ட்.

மூன்றாவது, அந்த ‘ஊ…’. மூன்றில் இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். சந்தேகம் இரண்டு: சக்கரம் தடையில்லாமல் சுழல உள்ளே இருக்கும் வீல் பேரிங், அல்லது டயர். ரோடு காலியாக இருக்கும்போது 60ல் ஒரு நொடி கிளட்ச்சை மிதியுங்கள். எஞ்சின் சத்தம் இறங்கியும் ‘ஊ’ அப்படியே இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம். சாவியை மட்டும் ஓட்டத்தில் திருப்பாதீர்கள். புதுத் தாரிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தத்தின் சுருதி மாறினால் பெரும்பாலும் டயர். எந்த ரோட்டிலும் ஒரே சுருதி, வேகத்தோடு மட்டும் ஏறுகிறது என்றால் பேரிங். நீளமான வலப்பக்க வளைவில் போகும்போது பாரம் இடது சக்கரங்களுக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங். இடப்பக்க வளைவில் கூடினால் வலது. டயர் என்று தோன்றினால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், சத்தமும் பின்னால் போய்விடும்.

பேரிங்கைக் கையால் கண்டுபிடிக்கிற வித்தை ஒன்று உண்டு, என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது அதுதான். முன் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இன்னொரு கையின் விரல்கள் ஷாக்கின் சுருள் ஸ்பிரிங்கின் மேல் இருக்க வேண்டும். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. போன பேரிங் என்றால் ரவையை விரலால் நெருடுவதுபோல ‘நறநற’ என்று ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காது ஏமாறும், விரல் அவ்வளவு எளிதில் ஏமாறாது. மாற்றும்போது பழைய பேரிங்கை பிரெஸ்ஸில், அதாவது அழுத்தித் தள்ளும் இயந்திரத்தில், வைத்து எடுத்து, புதியதையும் பிரெஸ்ஸிலேயே ஏற்ற வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் புது பேரிங்கும் சில மாதத்தில் பாட ஆரம்பிக்கும். இந்த வேலைக்கு மட்டும் தெருமுனையை விட்டுவிட்டு பிரெஸ்ஸும், போல்ட்டை அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்சும் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

இத்தனைக்கும் முன்னால் டிக்கியைக் காலி செய்யுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பின் ஷாக் போய்விட்டது என்று ஒருவர் மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கி என்னிடம் வந்தார். ஸ்டெப்னி குழிக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் ஒன்று உருண்டு கிடந்தது. பையிலிருந்து எப்போது நழுவியதோ, நார்கூட முழுக்க உதிர்ந்து வழவழவென்று இருந்தது.

சர்வீஸ் சென்டரோடு சண்டை வேண்டாம். எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வரிக்கும் ‘வண்டியில் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். டெஸ்ட் டிரைவில் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், சத்தம் வரும் பள்ளத்துக்கு நீங்களே வழி சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

திருப்பத்தூர் பயணத்துக்கு வருவோம். லிங்க் ராட் சத்தத்தோடு மட்டும் என்றால் பொறுமையாக ஓட்டிப் போய் வந்துவிடலாம், காதுக்குத்தான் தொந்தரவு. சத்தம் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயின்ட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் வண்டியைத் தெருவைவிட்டே எடுக்காதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். பேரிங் சோதனையைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது முடித்துவிடுங்கள். ‘நறநற’ இருந்தால் மாற்றாமல் கிருஷ்ணகிரி ரோட்டில் ஏறாதீர்கள். மாற்றினால் ஊர் போய்ச் சேர்ந்ததும் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.