பத்து நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக அம்மாவுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையில் ஃப்ளூவாக்ஸெடின் தந்தார்கள். பத்து நாளாகியும் குணமில்லை. அலைச்சல் வேறு. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரமாகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் பாதியில் கைவிடுவது இதனால்தான். காலையில், சாப்பிட்டபின் கொடுங்கள். மூட்டுவலி மாத்திரை எடுக்கிறாரென்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

அலைச்சலுக்கு வழி உண்டு. மாவட்ட மனநலத் திட்டக் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முகாம் நடத்துகிறது. எந்த நாளென்று செவிலியரிடம் கேட்டு, பழைய சீட்டு, மாத்திரை அட்டையுடன் போங்கள். சாக வேண்டுமென்று அம்மா சொன்னால் முகாம் நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் இலவசமாகப் பேசலாம்.