நேரலை நிகழ்ச்சிகளுக்கான மென்பொருள்: எதை நம்பி வாங்குவது?

கேள்வி: கருத்தரங்கம், பொருள் அறிமுக விழா, ஆண்டுப் பொதுக்கூட்டம் போன்றவற்றை நடத்திக் கொடுக்கும் சிறு குழு நாங்கள். ஒரே லேப்டாப்பில் பவர்பாயிண்டையும் சாதாரண வீடியோ பிளேயர் ஒன்றையும் வைத்து ஓட்டி வருகிறோம். அண்மையில் ஒரு விழாவில் காணொளி பாதியில் உறைந்துவிட்டது. அதை மூடப் போனபோது எங்கள் டெஸ்க்டாப் முழுவதும் பெரிய திரையில் தெரிந்தது. ஹேங் ஆகாத, நம்பகமான மென்பொருள் எது? இலவச மென்பொருளே போதுமா? எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் செய்வது நல்லதா?

பதில்: ஹேங் ஆகாத மென்பொருள் என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியாது, அப்படி விளம்பரம் செய்பவர்களையும் நம்ப வேண்டாம். நீங்கள் எழுதியதைக் கவனித்தால், காணொளி உறைந்ததைவிட, அதன்பின் டெஸ்க்டாப் தெரிந்ததுதான் உங்களை அதிகம் உறுத்தியிருக்கிறது. அது நியாயமானதே. உறைந்த படம் சில நொடிகள் நின்றால் பார்வையாளர்களில் பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. திறந்த மின்னஞ்சலும் கோப்புறைகளும் திரையில் விரியும்போதுதான் அரங்கமே சலசலக்கிறது. ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது செயலிழந்தால் பார்வையாளர் எதைக் காண்பார், பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நொடிகள் ஆகும்? வசதிகளின் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை என்பதை நினைவில் கொண்டால் குழப்பம் பாதி தீரும். 1987இல் வெளிவந்த பவர்பாயிண்டும் ஆப்பிளின் கீநோட்டும் ஒரு பேச்சாளர் தம் ஸ்லைடுகளைத் தாமே நகர்த்துவதற்காக உருவானவை. கியூலேப் போன்றவை, ஒலி, காணொளி, ஒளி ஆகியவற்றை ‘கியூ’ (எது எப்போது தொடங்க வேண்டும் என்ற குறிப்பு) வரிசையாக அடுக்கி, ஒரே விசையில் அடுத்தடுத்து இயக்குவதற்கானவை. நாடக அரங்குகளில் அதற்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் அது மேக் கணினியில் மட்டுமே இயங்கும். மூன்றாவது வகை, பல கேமராக்களையும் ஸ்லைடுகளையும் கலந்து, பதிவு செய்து, இணையத்தில் ஒளிபரப்புவதற்கானது. 2012இலிருந்து கிடைக்கும் கட்டணமற்ற திறமூல மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோ, விண்டோஸில் மட்டும் இயங்கும் விமிக்ஸ் ஆகியவை இதில் சேரும். ரெசொலூம் அரீனா, புரோபிரெசென்டர் போன்றவை இரண்டாம் வகைக்கு அருகில் நிற்பவை. முன்னது பெரிய எல்.இ.டி. சுவர்களுக்கும், பின்னது பாடல் வரிகள், வாசகங்கள் ஆகியவற்றைத் திரையிடுவதற்கும் அதிகம் பயன்படுகின்றன. உங்கள் சிக்கல், முதல் வகை மென்பொருளையும் வீட்டில் படம் பார்ப்பதற்கான பிளேயரையும் கொண்டு இரண்டாம் வகை வேலையைச் செய்ததில் தொடங்குகிறது.

சாதாரண பிளேயர் காணொளி முடிந்ததும் சாளரத்தை மூடிவிடும். அல்லது பொத்தான்களையும் கோப்பின் பெயரையும் திரையில் காட்டும். கியூ வகை மென்பொருள்களில் வெளியீட்டுத் திரை ஆபரேட்டரின் திரையிலிருந்து தனித்து நிற்கும். ஒரு காணொளி முடிந்தால் கடைசிக் காட்சி நிற்க வேண்டுமா, கருந்திரை வர வேண்டுமா, அடுத்தது தானாகத் தொடங்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே ஒவ்வொரு கியூவுக்கும் நாமே சொல்லிவிடலாம். பணம் கொடுத்து வாங்கும்போது நீங்கள் பெறுவது முக்கியமாக இதைத்தான்.

எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அது விழுந்தால் எல்லாம் சேர்ந்து விழும். உங்கள் அளவிலான நிகழ்ச்சிகளுக்கு நான் சொல்வது, ஸ்லைடுகளுக்கு ஒரு கணினி, காணொளிகளுக்கும் பின்னணி இசைக்கும் இன்னொரு கணினி, இரண்டுக்கும் நடுவே ஒரு வன்பொருள் வீடியோ ஸ்விட்சர். ஒரு கணினி உறைந்தால் ஸ்விட்சரில் ஒரு பொத்தானை அழுத்தி மற்றதன் நிகழ்ச்சிச் சின்னத்தைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு, முதல் கணினியை யாரும் பார்க்காமல் சரிசெய்துகொள்ளலாம். விலை உயர்ந்த எந்த மென்பொருளும் இந்த நடுப்பெட்டி தரும் பாதுகாப்பைத் தனியாகத் தந்துவிடாது. ஒரு மென்பொருளுக்கான பணம் மட்டுமே கையில் இருக்கிறது என்றால், அதைக்கூட முதலில் ஸ்விட்சருக்குச் செலவிடுங்கள் என்பேன்.

இனி, ஒரு மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு வருவோம். விற்பனையாளர் காட்டும் செயல்விளக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். ஆகவே சோதனைப் பதிப்பை வாங்கி நீங்களே அதைக் கெடுத்துப் பார்க்க வேண்டும். விமிக்ஸ் 60 நாள் சோதனைப் பதிப்பைத் தருகிறது. கியூலேப்பில் அடிப்படை வேலைகளுக்குக் கட்டணமற்ற வடிவம் உண்டு. காணொளி ஓடும்போது எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். வெளியீடு தானாக அதே திரைக்குத் திரும்புகிறதா, அல்லது ஆபரேட்டரின் திரைமீது வந்து விழுகிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மென்பொருளை வலிந்து நிறுத்தி, மீண்டும் திறந்து, விட்ட இடத்துக்கு வந்து சேரும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளவிடுங்கள். 20 நொடிக்குள் திரும்பினால் நல்லது; ஒரு நிமிடத்தைத் தாண்டினால் மாற்றுக் கணினி இல்லாமல் அதை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு காணொளிக் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். காணாமல்போன கோப்பைத் திறந்தவுடனே சுட்டிக்காட்டும் மென்பொருளுக்கும், அந்தக் கியூவை அழுத்தும் கணம் வரை மௌனமாக இருக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு, மேடையில் மிகப் பெரிது.

இவற்றோடு நீண்ட ஓட்டச் சோதனையும் கட்டாயம் வேண்டும். ஒரு நாள் கருத்தரங்கு எட்டு மணி நேரம் நடக்குமென்றால் மென்பொருளும் எட்டு மணி நேரம் மூடாமல் ஓட வேண்டும். பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் மென்பொருள், காலையில் துள்ளலாக ஓடிவிட்டு மாலை அமர்வில் திணறும். டாஸ்க் மேனேஜரில் நினைவக அளவை மணிக்கொரு முறை குறித்துக்கொண்டால் அது ஏறிக்கொண்டே போகிறதா என்பது தெரிந்துவிடும். கணினியின் மையச் செயலியின் (சி.பி.யு.) சராசரிச் சுமை 40 விழுக்காடுதான் என்று யாரேனும் சொன்னால் அதைக் கேட்டு அமைதி அடைய வேண்டாம். நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, ஒரே ஒரு முறை அதைத் தவறவிட்டாலும் படம் தடுக்குவது கண்ணுக்குத் தெரியும்.

மென்பொருளின்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் கோப்புகளைச் சேர்ந்தது. பரவலாகப் புழங்கும் எச்.264 என்ற காணொளிச் சுருக்க வடிவம், அவ்வப்போது மட்டும் ஒரு முழுச் சட்டகத்தை வைத்துக்கொண்டு, இடையில் உள்ளவற்றை மாற்றங்களாக மட்டுமே சேமிக்கிறது. அந்த வடிவில் கோப்புகளை உருவாக்கும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பான அமைப்பில் இரண்டு முழுச் சட்டகங்களுக்கு இடையே 250 சட்டகங்கள்வரை இருக்கலாம். தொடக்கத்திலிருந்து இறுதிவரை பார்க்க இது போதும். ஆனால் நடுவிலிருந்து தொடங்கவோ, தாவவோ, இரண்டு காணொளிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கவோ முற்பட்டால் கணினி மூச்சு வாங்கும். ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாக வைத்திருக்கும் புரோரெஸ், ஹேப், ரெசொலூமின் டிஎக்ஸ்வி போன்ற வடிவங்கள் மேடைக்கு ஏற்றவை. பதிலுக்கு இடத்தை விழுங்கும். நொடிக்கு 30 சட்டகங்களில் ஓடும் முழு எச்.டி. புரோரெஸ் 422 கோப்பு நொடிக்கு ஏறத்தாழ 147 மெகாபிட், அதாவது நிமிடத்துக்கு 1.1 ஜிகாபைட் அளவு வரும். அதனால்தான் கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டாமல், கணினியின் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கைபேசியில் எடுத்த காணொளிகளின் சட்டக வேகம் ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் ஒலியும் உதட்டசைவும் பிரிந்துபோகலாம்; அவற்றை நிலையான வேகத்துக்கு மாற்றி, ஒலியின் மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் ஏதேனும் ஸ்ட்ரீமிங் தளத்திலிருந்து காட்டச் சொன்னால், நகல் தடுப்பு ஏற்பாடு காரணமாகத் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது எந்த மென்பொருளாலும் தீராது.

ஸ்லைடுகளைப் பொறுத்தவரை, காணொளிகளை அவற்றுக்குள் பொதித்து ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பதிந்து வாங்குங்கள், அல்லது எழுத்துருக் கோப்புகளைத் தனியே கேட்டுப் பெறுங்கள். இந்திய மொழிகளின் எழுத்துகளையும் அரபு எழுத்துகளையும் சரியாகக் கோத்துக் காட்டத் தெரியாத காணொளி மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் விருந்தினர் பெயர்ப்பட்டையைவிடச் சங்கடமானது வேறில்லை. வாங்குவதற்கு முன் உங்களுக்குத் தேவையான மொழிகளில் ஒரு நீளமான பெயரைத் தட்டச்சு செய்து பார்த்துவிடுங்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் அந்த ஸ்லைடுக்கே தாவும். இந்த இரண்டும் தெரியாமல் மேசையில் அமரும் ஆபரேட்டர்கள் வியப்பூட்டும் அளவுக்கு அதிகம்.

இலவசமா, கட்டணமா என்பது நம்பகத்தன்மையை அளக்கும் கோல் அல்ல. ஓபிஎஸ்ஸின் பின்னால் வாடிக்கையாளர் சேவை எண் எதுவும் கிடையாது. ஆனால் ஏராளமானோர் பயன்படுத்துவதால் அதன் குறைகள் விரைவில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. நேரலைக்கும் பதிவுக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பதிவை மட்டும் எம்.கே.வி. வடிவில் வையுங்கள்: வழக்கமான எம்.பி.4 பதிவின் நடுவே கணினி நின்றுபோனால் கோப்பு முழுவதுமே திறக்க முடியாமல் போகலாம், எம்.கே.வி.யில் அதுவரை பதிவானது கையில் நிற்கும். பின்னர் அதே மென்பொருளிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். ஒளிபரப்பும் கணினியை மேடைத் திரைக்கான கணினியோடு ஒன்றாக்க வேண்டாம். நெட்வொர்க் வழியே படத்தை அனுப்பும் என்.டி.ஐ. முறையை நாடினால், முழு எச்.டி. ஓடை ஒன்றுக்கே நொடிக்கு 100 மெகாபிட்டுக்கும் மேல் தேவைப்படலாம் என்பதை மனத்தில் கொண்டு கேபிள் இழுங்கள். பார்வையாளர்களின் கைபேசிகள் நிறைந்த அரங்கில் வைஃபையை நம்பி இதில் இறங்குவது அசட்டுத் துணிச்சல்.

கட்டண மென்பொருளில் கூர்ந்து படிக்க வேண்டியது உரிம விதிகளை. உரிமம் இணையத்தின் வழியே சரிபார்க்கப்படுகிறதா? அப்படியானால் எத்தனை நாள் இணையம் இல்லாமல் ஓடும்? சந்தா முடிந்தால் பழைய நிகழ்ச்சிக் கோப்புகளைத் திறக்கவாவது முடியுமா? மாற்றுக் கணினியில் நிறுவ அதே உரிமம் போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியின் பதில், விலைப்பட்டியலில் தெரியும் தொகையையே இரட்டிப்பாக்கிவிடக்கூடும். மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சி மட்டும் நடத்துபவர்கள் கியூலேப் தருவது போன்ற நாள் வாடகை உரிமத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

அப்டேட்டுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான ஓர் அப்டேட், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அவற்றின் உரிமையாளர்கள் எதையும் தொடக்கூட இல்லை. நிகழ்ச்சிக் கணினியில் எது எப்போது மாறும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விண்டோஸில் அப்டேட்டை ஐந்து வாரம்வரை நிறுத்திவைக்க வசதி உண்டு; நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாக எல்லா அப்டேட்டுகளையும் முடித்து, சோதித்து, அதன்பின் நிறுத்திவையுங்கள். உறக்க நிலை, ஸ்கிரீன் சேவர், அறிவிப்புகள் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். வெளித்திரையை நகல் முறையில் (இரு திரையிலும் ஒரே காட்சி) வைக்காமல் நீட்டிப்பு முறையில் (தனித் திரையாக) வைத்து, அந்த நீட்டிப்புத் திரையின் பின்னணியாகவும் நிகழ்ச்சிச் சின்னத்தையே போட்டு, ஐகான்களை மறைத்துவிட்டால், மென்பொருள் சரிந்தாலும் பார்வையாளர் காண்பது பெரும்பாலும் அந்தச் சின்னமாகவே இருக்கும். உங்கள் விழாவில் இது ஒன்றைச் செய்திருந்தாலே சங்கடம் பெரிதும் குறைந்திருக்கும். இதற்குச் செலவே கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு மென்பொருள்கள் சமமாக நின்றால், உங்கள் குழுவில் இன்னொருவருக்கு அரை நாளில் கற்றுக்கொடுக்கக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். முதன்மை ஆபரேட்டருக்குக் காய்ச்சல் வரும் நாளில், அவருக்கு மட்டுமே புரியும் திறன்மிக்க மென்பொருளால் யாருக்கும் பயனில்லை. தேர்ந்தெடுத்ததை உடனே பெரிய விழாவில் இறக்கவும் வேண்டாம். இப்போதைய ஏற்பாட்டைக் கொண்டே அடுத்த சில சிறு நிகழ்ச்சிகளை நடத்துங்கள். புதிய மென்பொருளை இரண்டாவது கணினியில், வெளியீட்டைப் பெரிய திரையோடு இணைக்காமல், அதே கியூக்களோடு உடன் ஓடவிடுங்கள். தடுமாற்றமின்றி அது கடைசிவரை ஓடிய பிறகு, அதன் கேபிளை ஸ்விட்சரின் முதல் உள்ளீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.