ஆண்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளைப் பள்ளியில் 'நம் மாவட்ட வரலாறு' எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். சேரர், கங்கர், சோழர், போசளர், விஜயநகரம், மதுரை நாயக்கர், மைசூர், கிழக்கிந்தியக் கும்பெனி என்று பட்டியல் அனுமார் வாலாக நீளுகிறது. உண்மையில் சேலத்தை ஆண்டது யார் ஐயா?
– வாசகி, சூரமங்கலம்

பட்டியல் சரிதான் அம்மா. ஆனால் அதில் ஒருவர்கூட இங்கே குடியிருந்து ஆளவில்லை. தஞ்சை, துவாரசமுத்திரம், ஹம்பி, மதுரை, சீரங்கப்பட்டணம் என்று தலைநகரெல்லாம் எட்டத்தில். தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது, வரியை யார் வாங்கினார், எங்கே கொண்டுபோய்க் கட்டினார் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் உள்ளூர்க்காரர்கள் வெளியே வருவார்கள். தகடூர் அதியமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியரோடு 'சத்தியபுத்திரர்' என்று ஒருவரையும் தன் எல்லைக்கு அப்பால் இருப்பவராகச் சொல்கிறார். அது அதியமான் மரபு என்பதைத் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு உறுதி செய்தது. ஆக, மௌரியருக்கு நாம் வரி கட்டவில்லை! அப்புறம் ஆறகழூரில் வாணகோவரையர்கள், சோழருக்கு அடங்கியும் அடங்காமலும். நாயக்கர் காலத்தில் தாரமங்கலம் கட்டி முதலிகள்.

மைசூர்க்காரர்கள் வந்தபின் பணம் மேற்கே போனது. சங்ககிரி மலைக்கோட்டை அதற்கு ஒரு முக்கிய இடம். மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்" என்று தீர்த்தகிரி (தீரன் சின்னமலையின் இயற்பெயர்) சொன்னதாகக் கொங்கு நாட்டில் கதை உண்டு. அதே தீரன் சின்னமலையை 1805இல் கும்பெனிக்காரர்கள் தூக்கிலிட்டதும் சங்ககிரிக் கோட்டையில்தான். கீழே லாரிப் பட்டறைச் சத்தம் கேட்கும் இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாலே மதில் தெரியும்.

1768இல் சேலத்தைக் கும்பெனி பிடித்தது. வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலி திரும்பப் பிடித்துவிட்டார். அந்த ஒரு வருஷத்தில் வரி வாங்கிய மணியக்காரர் யார் பெயரில் கணக்கு எழுதினாரோ, பாவம்!

1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலத்தையும் விட்டுக்கொடுத்தார். முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீட்; அவருக்கு உதவியாளர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, நடுவில் ஆள் இல்லாமல் குடியானவனிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. வீட்டில் பழைய பட்டா இருந்தால் மகளிடம் எடுத்துக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தை விட அதில் சுவாரசியம் அதிகம்.

கேள்வி: தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் திருமலை நாயக்கர் கட்டியதா?
– வாசகர், ஓமலூர்

இல்லை. கட்டி முதலிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியது. 'வணங்காமுடி' என்று பட்டம் வைத்துக்கொண்டு மதுரைக்கு அடங்கி நடந்தவர்கள். அந்தக் காலத்து அரசியலும் அப்படித்தான்! போனால் வாலி சுக்ரீவன் தூணைத் தேடிப் பாருங்கள். ராமன் இருக்கும் தூணருகே நின்றால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய் நின்றால் ராமன் தெரியமாட்டான். யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையில் கை வைக்காதீர்கள், ஏற்கெனவே பலர் வைத்தாயிற்று.

கேள்வி: ஏற்காட்டுக் காபி திப்பு காலத்ததா?
– வாசகர், அஸ்தம்பட்டி

இல்லை சார். 1820களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது.