மலையடிவார ஏரியில் மணல்: ஹிட்டாச்சியா, உறிஞ்சும் மெஷினா?

கேள்வி: சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர் ஏரி. வரத்து வாய்க்கால் வாயில் மணல் மேடு, கரைப் பக்கம் இடுப்பளவு சேறு. ஹிட்டாச்சி போதும் என்கிறார் ஒருவர். மிதவையில் ஓடும் உறிஞ்சும் மெஷின் வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி? - ஓமலூர் பக்கத்து வாசகர்

பதில்: ஆளுக்கொரு மூலையைப் பார்த்துப் பேசுகிறார்கள். மலையிலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர், ஏரிக்குள் நுழைந்து வேகம் குறைந்ததும் மணலை அங்கேயே போட்டுவிடும். நைசான வண்டல்தான் கரை வரை போய்ப் படியும். இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனி கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். களி மறுநாள் காலையிலும் கலங்கலாகவே நிற்கும்.

ஏரி கோடையில் வற்றுமா? அப்படியென்றால் மெஷின் வாங்கும் பேச்சே வேண்டாம். பங்குனி, சித்திரையில் செயின் வண்டியை, அதாவது ஹிட்டாச்சியை, வாடகைக்கு எடுங்கள். டயர் ஜேசிபி ஈரத்தில் புதைந்துகொள்ளும். 20 டன் ஹிட்டாச்சியின் கை 9, 10 மீட்டர் வரை எட்டும். நீளக் கை வண்டி 15 மீட்டரைத் தாண்டும், ஆனால் பக்கெட் சின்னது, வேலை இழுக்கும். கரையோரக் கரம்பை (வண்டல் களி) வெடித்துக் காய்ந்த பிறகு அள்ளுவதுதான் சுலபம்.

உறிஞ்சும் மெஷின், ஏற்காடு ஏரி மாதிரி தண்ணீரை வடிக்க முடியாத, படகு ஓடுகிற இடத்துக்கு. (அங்கேயும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும், பிரித்துப் பூட்டும் மாடலாக இருந்தால் நல்லது.) முனையில் சுழலும் வெட்டுத்தலை சேற்றைக் கலக்க, பம்பு அதைக் குழாயில் தள்ளும். வெளியே வருவதில் மண் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம்தான், மீதி தண்ணீர். அதைத் தேக்கித் தெளிய வைக்கப் பெரிய பாத்தி வேண்டும். தெளிந்த தண்ணீர் ஏரிக்கே திரும்ப வேண்டும். பாத்திக்கு இடமில்லாமல் மெஷினை இறக்கினால் பக்கத்து வயல்காரரோடு சண்டைதான். செலவைக் குறைக்கச் சாதாரண விவசாய மோட்டாரை மாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை மணல் தின்றுவிடும். ஆகாயத்தாமரை வேரும் பாலித்தீனும் அடைத்துக்கொள்வது தனி.

வண்டலை வயலுக்கு எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி வாங்குங்கள். மணல் வேறு கதை. அனுமதியில்லாமல் ஒரு லோடுகூட வெளியே போகக் கூடாது.

அப்புறம், வண்டி ஓட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கரையின் காலடியில் பக்கெட் படக் கூடாது, வண்டலுக்குக் கீழே உள்ள கெட்டிக் களியையும் சுரண்டக் கூடாது. சுரண்டினால் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடும். வண்டி நிற்கும்போதே வாய்க்கால் வாய்க்கு முன்னால் அகலமாக ஒரு குழி வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு மணல் பெரும்பாலும் அதில் விழும். வருடா வருடம் அதை மட்டும் அள்ள ஜேசிபியே போதும்.