தண்டனை முடிஞ்சும் திரும்பி வராத இன்க்ரிமெண்ட்: ரிட்டயர் ஆன பேங்க் கிளார்க் எங்க போய் கேக்கணும்?

தொண்டி பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் கேட்டிருக்கார். 1983ல ஒரு பொதுத்துறை வங்கில கிளார்க்கா சேர்ந்தவர், முக்கால்வாசி சர்வீஸ் நம்ம கடற்கரை ஊர் கிளைகள்லயே ஓடிருச்சு, 2018 டிசம்பர் 31ல ரிட்டயர். ஸ்கேலோட உச்சத்துக்கு போனதுக்கப்புறம் மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஸ்டேக்னேஷன் இன்க்ரிமெண்ட் வந்துட்டு இருந்திருக்கு. 2012 பிப்ரவரில வரவேண்டியத ஒரு கேஷ் ஷார்ட்டேஜ் விஷயத்துல ஒரு வருஷம் நிறுத்துனாங்க, ஆர்டர்ல கியூமுலேட்டிவ் எஃபெக்ட் இல்லாமன்னு, அதாவது பின்னாடி வர்ற இன்க்ரிமெண்ட்ட பாதிக்காமன்னு தெளிவா போட்டிருந்தாங்களாம். 2013 பிப்ரவரில அத கொடுத்துட்டாங்க. ஆனா அடுத்தது 2015ல வரலை, 2016ல வந்துச்சு, அதுக்கடுத்தது 2018ல வரவேண்டியது வரவே இல்ல. போன வருஷம் வந்த பதில்ல, உங்களுக்கு அடுத்த தேதி 2019 பிப்ரவரி, அதுக்கு முன்னாடியே நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, அதனால தகுதி இல்லன்னு எழுதியிருக்காங்க. இப்ப கேஸ் போட்டா நிக்குமா, காலம் கடந்துருச்சா, ராமநாதபுரம் கோர்ட்டா மதுரையா, இல்ல ஓம்பட்ஸ்மேனா? இதுதான் அவர் கேள்வி.

ஐயா, மொதல்ல ஒண்ண சொல்லிடுறேன். உங்க பக்கம் நியாயம் பலமா இருக்கு. ஆனா ஏழெட்டு வருஷமா லெட்டர் மேல லெட்டர் எழுதி காலத்த விட்டுட்டீங்க, இனிமே ஒரு மாசம் கூட விடாதீங்க. லெட்டர் எழுதுனா கெடு நீளும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைக்கிறாங்க, நீளாது. சி.ஜேக்கப் வழக்குல 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, பழைய விஷயத்துக்கு மனு போட்டு அதுக்கு ஒரு பதில் வாங்குனா அந்த பதில் தேதில இருந்து புதுசா காலக்கணக்கு ஆரம்பிக்காதுன்னு. அதனால போன வருஷ பதில வச்சு இப்பதானே நிராகரிச்சாங்கன்னு வாதம் பண்ணிடலாம்னு யாராவது சொன்னா நம்பி உக்காந்துடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கியூமுலேட்டிவ் எஃபெக்ட்டோட நிறுத்துனா அந்த படி போனது போனதுதான், பின்னாடி வர்ற எல்லா இன்க்ரிமெண்ட்டும் ஒரு படி கீழயே நடக்கும். அது இல்லாம நிறுத்துனா தண்டனை அந்த ஒரு வருஷத்தோட முடிஞ்சுது, 2013 பிப்ரவரில நீங்க தண்டனையே வாங்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்து நிக்கணும், அடுத்த தேதி 2015 பிப்ரவரிதான், அதுக்கடுத்தது 2018 பிப்ரவரி. வங்கி என்ன பண்ணிருக்குன்னா 2013ல இருந்து புதுசா மூணு வருஷம் எண்ணி 2016, 2019னு தள்ளிருச்சு, அதாவது ஆர்டர்ல ஒரு வருஷம்னு போட்ட தண்டனைய நடைமுறைல நிரந்தர தண்டனையா மாத்திருச்சு. தண்டனை கொடுக்குற அதிகாரி கொடுக்காத தண்டனைய சம்பளம் போடுற செக்‌ஷன் கொடுக்க முடியாது, இதுதான் உங்க வழக்கோட முதுகெலும்பு. வேணும்னே செஞ்சிருக்கணும்னு கூட இல்ல, யாரோ தேதிய மாத்தி பதிஞ்சது அப்படியே ஓடிருக்கலாம், ஆனா நஷ்டம் உங்களுக்குத்தானே.

வங்கி பக்கம் ஒரு வாதம் வரும், அதுக்கு இப்பவே தயாரா இருங்க. வங்கி நிர்வாகங்களும் யூனியன்களும் போடுற இருதரப்பு சம்பள ஒப்பந்தத்துல முந்தின ஸ்டேக்னேஷன் இன்க்ரிமெண்ட் வாங்குன தேதில இருந்துதான் மூணு வருஷம், நீ வாங்குனது 2013லதானேன்னு கேப்பாங்க. அதனால உங்க காலத்துல அமல்ல இருந்த இருதரப்பு ஒப்பந்தத்துல அந்த ஷரத்து என்ன வார்த்தைல இருக்கு, மொத்தம் எத்தனை இன்க்ரிமெண்ட் வரைக்கும் அனுமதின்னு வரி விடாம படிக்கணும், ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் எண்ணிக்கை மாறிக்கிட்டே வந்திருக்கு. தண்டனை ஆர்டரோட ஒரிஜினல் வாசகமும் கைல இருக்கணும், ஞாபகத்துல இருக்குறத வச்சு கேஸ் போடக்கூடாது.

ஆர்டர் காப்பி இல்லன்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, உங்களுது பொதுத்துறை வங்கி, அதனால பொருந்தும், 10 ரூபா போஸ்டல் ஆர்டர் போதும், 30 நாள்ல பதில் வரணும். ஏன் கொடுக்கலன்னு கேள்வியா கேக்காதீங்க, ஏன்னு கேட்டா விளக்கம் தர வேண்டியதில்லன்னு தள்ளிருவாங்க, ஆவணத்த கேளுங்க. 2012 தண்டனை ஆர்டர் நகல், சர்வீஸ் ரெக்கார்டு, 2006ல இருந்து இன்க்ரிமெண்ட் கொடுத்த பதிவு, பென்ஷன் கணக்கு போட்ட ஷீட், இந்த நாலும் வந்தா போதும். தனிப்பட்ட தகவல்னு மறுத்தாங்கன்னா உங்க ரெக்கார்ட நீங்களே கேக்குறதுக்கு அந்த விலக்கு பொருந்தாது, 30 நாளுக்குள்ள முதல் அப்பீல் போடுங்க.

அப்புறம் உங்க பழைய பே ஸ்லிப்புங்க. கடலோரத்துல இரும்புப் பொட்டில வச்ச காகிதம் என்ன ஆகும்னு உங்களுக்கு தெரியும், உப்புக்காத்துல பின்னு துருப்பிடிச்சு காகிதத்துல செம்பழுப்பா ஓட்டை விழுந்திருக்கும், அந்த காலத்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட்டு வெளுத்து பேசிக் எவ்வளவுன்னே தெரியாது. 2012 ஜனவரி, 2013 மார்ச், 2015 மார்ச், 2016 மார்ச், 2018 மார்ச், கடைசியா 2018 டிசம்பர், இந்த மாச ஸ்லிப்புங்கள மட்டுமாவது தேடி எடுத்து பின்ன கழட்டிட்டு நல்ல வெளிச்சத்துல ஸ்கேன் பண்ணி வைங்க. ஸ்லிப் கிடைக்கலன்னா அதே மாசத்து பாஸ்புக் என்ட்ரி உதவும். இந்த ஆறு மாச பேசிக்க ஒரே தாள்ல வரிசையா எழுதி வச்சாலே எந்த இடத்துல படி தப்புச்சுன்னு ஜட்ஜுக்கு புரிஞ்சிரும்.

பணம் எவ்வளவுன்னு கேட்டீங்க. உங்க ஸ்கேல் கணக்கு என் கைல இல்ல, அதனால ஒரு இன்க்ரிமெண்ட் 2,000 ரூபான்னு வச்சுக்கிட்டு சொல்றேன். 2015 பிப்ரவரில இருந்து 2016 ஜனவரி வரைக்கும் 12 மாசம், 2018 பிப்ரவரில இருந்து டிசம்பர் வரைக்கும் 11 மாசம், ஆக 23 மாசம் 2,000 வீதம் 46,000, கூட அந்தந்த காலத்து டிஏ. இது சின்னது. பெருசு பென்ஷன்ல இருக்கு. 1995 பென்ஷன் ரெகுலேஷன்படி கடைசி பத்து மாச சராசரி சம்பளத்துல பாதிதான் பேசிக் பென்ஷன், 33 வருஷ சர்வீஸ் இருந்தா முழுசா. உங்க கடைசி பத்து மாசம் 2018 மார்ச்ல இருந்து டிசம்பர், அத்தனை மாசமும் ஒரு படி குறைஞ்சே ஓடிருக்கு, அதனால பேசிக் பென்ஷன் மாசம் 1,000 ரூபா குறைவு, அது மேல டியர்னஸ் ரிலீஃப், உயிரோட இருக்குற வரைக்கும். கம்யூட்டேஷன் பண்ணியிருந்தா, அதாவது பென்ஷன்ல ஒரு பகுதிய முன்கூட்டியே மொத்தமா வாங்கியிருந்தா அதுலயும் வித்தியாசம், 240 நாள் லீவ் என்கேஷ்மெண்ட் எடுத்திருந்தா எட்டு மாசத்துக்கு 16,000, கிராஜுவிட்டில 2,000ஐ 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து 35 வருஷத்தால பெருக்குனா 40,000 ரூபாய தாண்டும், அது உச்சவரம்ப தொட்டிருந்தா மட்டும் கிடைக்காது.

இன்னொண்ணு நிறைய பேர் விட்டுடுறது. 11வது இருதரப்பு ஒப்பந்தம் 2020 நவம்பர் 11ல கையெழுத்தானாலும் 2017 நவம்பர் 1ல இருந்து அமல், அதனால உங்க கடைசி வருஷ சம்பளமும் பென்ஷனும் ஒரு தடவ மாத்தி கணக்கு போட்டு அரியர்ஸ் வந்திருக்கும். அந்த ஃபிட்மெண்ட்டயும், அதாவது புது ஸ்கேல்ல உங்கள எந்த படில வைக்கிறதுங்கறதயும், தப்பான படில இருந்துதான் ஆரம்பிச்சிருப்பாங்க. மனுவுல பழைய ஸ்கேல்ல மட்டும் வித்தியாசம் கேட்டீங்கன்னா ஜெயிச்சாலும் பாதிதான் வரும், புது ஸ்கேல்ல சரியான ஸ்டேஜ்ல ஃபிக்ஸ் பண்ணி திருத்தணும்னு தனியா கேளுங்க.

எங்க போறதுன்னா, ஓம்பட்ஸ்மேன் வேணாம், அது வாடிக்கையாளர் புகாருக்கு, ஊழியர் வங்கி தகராற எடுக்கவே மாட்டாங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டும் வேணாம், சர்வீஸ் விஷயம் அங்க வராதுன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சிஏடிக்கு (மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்) வங்கி ஊழியர் மேல அதிகாரம் இல்ல. ராமநாதபுரம் சிவில் கோர்ட்ல போட்டா இது தொழில் தகராறு சட்டத்துல பிறந்த உரிமை, அங்க போன்னு வங்கி வக்கீல் மொத நாளே மனு போடுவார், அதுலயே ரெண்டு வருஷம் ஓடிரும்.

மிச்சம் ரெண்டு வழி. ஒண்ணு சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன்ல இருக்குற மத்திய அரசு தொழில் தீர்ப்பாயம், வங்கிக்கு மத்திய அரசுதான் உரிய அரசுங்கறதால அங்க. முதலாளிகிட்ட இருந்து வரவேண்டிய பாக்கிய கணக்கு போட்டு வாங்குறதுக்கு பழைய தொழில் தகராறு சட்டத்துல 33சி(2), 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புல அதே வேலைய 59-ஆம் பிரிவு செய்யுது, உங்க பழைய பாக்கிக்கு எந்தப் பிரிவ போடணும்னு வக்கீல கேட்டு முடிவு பண்ணுங்க. கிளார்க், கேஷியர் வேலைல இருந்தவர் ரிட்டயர் ஆனப்புறமும் இங்க வரலாம். 33சி(2)க்கு காலவரம்பு சட்டத்துல போடலங்கறது பெரிய நன்மை, 2015 பாக்கிய கூட கேக்கலாம். ஆனா ஏற்கனவே இருக்குற உரிமைக்கு பணம் எவ்வளவுன்னு கணக்கு போடுறதுதான் இங்க வேலை, உரிமையே இருக்கா இல்லையான்னு புதுசா தீர்மானிக்க முடியாதுன்னு கணேஷ் ரஸாக் வழக்குல 1995ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. வங்கி இத புடிச்சுக்கும். அதுக்கு பதில் 1963ல வந்த ராஜகோபாலன் தீர்ப்பு, அதுவும் வங்கி ஊழியர் வழக்குதான், கூட்டல் மெஷின் ஓட்டுனதுக்கு ஸ்பெஷல் அலவன்ஸ் கேட்டாங்க. முதலாளி இல்லன்னு சொல்லிட்டா மட்டும் லேபர் கோர்ட் கை கட்டி உக்காந்துடணும்னு இல்லன்னு அஞ்சு நீதிபதிங்க சொன்னாங்க. உங்க உரிமை ஒப்பந்த ஷரத்துலயும் தண்டனை ஆர்டர்லயும் எழுத்துல இருக்கு, ரெண்டையும் சேத்து படிச்சா போதும்னு நிறுத்துனா வழக்கு நிக்கும்.

ரெண்டாவது, மதுரை ஒத்தக்கடை பக்கம் இருக்குற ஹைகோர்ட் கிளைல ரிட். பொதுத்துறை வங்கிங்கறதால முடியும், தனியார் வங்கின்னா பெரும்பாலும் முடியாது. உரிமை இருக்கா இல்லையாங்கறதையே இங்க தீர்மானிக்கலாம். குறைஞ்ச பென்ஷன் மாசா மாசம் தொடர்ற தப்பு, அதனால தாமதம்னு மொத்தமா தள்ள முடியாது, ஆனா தர்சேம் சிங் வழக்குப்படி பாக்கி மனு போட்ட நாளுக்கு முன்னாடி மூணு வருஷத்துக்குத்தான் கிடைக்கும். நான் மாசம் விடாதீங்கன்னு சொன்னதுக்கு காரணம் இதுதான், நீங்க தள்ளிப் போடுற ஒவ்வொரு மாசமும் பின்னாடி இருந்து ஒரு மாச அரியர்ஸ் உதிர்ந்துக்கிட்டே வருது.

என்னைய கேட்டா, நீங்க மதுரைக்கு போங்க. உங்க பெரிய நஷ்டம் பென்ஷன், வங்கி உரிமையவே மறுக்குது, சென்னைக்கு ராத்திரி சேது எக்ஸ்பிரஸ்ல ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் வர்ற வயசும் இல்ல. சம்பள பாக்கி பெருசா இருந்து ஆவணம் பக்காவா இருந்தா மட்டும் சென்னைய யோசிங்க, அங்க யூனியன் பிரதிநிதியே ஆஜராகலாம். மாற்று வழி இருக்கேன்னு ஹைகோர்ட்ல கேட்டா, ஆவணத்துல தகராறு இல்ல, அர்த்தத்துலதான் தகராறு, மனுதாரர் மூத்த குடிமகன்னு சொல்லலாம், ஏத்துக்குறது நீதிபதி கைல. ஒரு எச்சரிக்கை, மனுவ பரிசீலிச்சு 12 வாரத்துல முடிவு பண்ணுங்கன்னு ஒரு ஆர்டர் வாங்கிட்டு வக்கீல் ஜெயிச்சாச்சும்பார். அதுல ஒண்ணும் இல்ல, வங்கி அதே பதிலத்தான் திரும்ப அடிச்சு அனுப்பும். போன வருஷ நிராகரிப்பு கடிதத்த ரத்து பண்ணி, 2015 பிப்ரவரி, 2018 பிப்ரவரி தேதிகள்ல இன்க்ரிமெண்ட் கொடுத்து பென்ஷன மறுநிர்ணயம் பண்ண உத்தரவிடணும்னு நேரடியா கேக்கச் சொல்லுங்க.

வாட்ஸ்அப்ல ஒரு தீர்ப்பு சுத்துது, ரிட்டயர் ஆன மறுநாள் வர்ற இன்க்ரிமெண்ட்டும் உண்டுன்னு, 2023 ஏப்ரல்ல வந்த முண்டினமணி வழக்கு. அது ஜூன் 30ல ரிட்டயர் ஆகி ஜூலை 1 இன்க்ரிமெண்ட்ட இழந்தவங்க மாதிரி ஆளுங்களுக்கு. வங்கி சொல்ற 2019 பிப்ரவரிக்கும் உங்க ரிட்டயர்மெண்ட்டுக்கும் நடுவுல ஒரு மாசம் இருக்கு, அத மனுவுல சேத்தா 2019தான் சரியான தேதின்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், சேக்காதீங்க.

கிராஜுவிட்டி வித்தியாசத்துக்கு மட்டும் மத்திய தொழிலாளர் துறை உதவி ஆணையர்கிட்ட தனி மனு, தாமதத்துக்கு காரணம் சொல்லி மன்னிப்பு கேக்கணும். அரியர்ஸ் மொத்தமா வந்தா அந்தந்த வருஷத்துக்கு பிரிச்சு வரி நிவாரணம் கேக்கலாம், ஆடிட்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

கேஸ் போட்டா இருக்குற பென்ஷனயும் நிறுத்திருவாங்களோன்னு உங்க வீட்டம்மா பயப்படுறதா எழுதியிருந்தீங்க. நிறுத்த முடியாது. பெரிய குற்றத்துல தண்டனை, கடுமையான முறைகேடு மாதிரி காரணத்துக்குத்தான் ரெகுலேஷன்ல பென்ஷன நிறுத்த வழி இருக்கு, உரிமைய கேட்டு கோர்ட்டுக்கு போறது அதுல வராது. இந்த வழக்கு அவங்களுக்கும் சேத்துதான், ஃபேமிலி பென்ஷனும் உங்க கடைசி சம்பளத்த வச்சுத்தான் கணக்கு, அதனால அதையும் திருத்தணும்னு மனுவுல ஒரு வரி கட்டாயம் இருக்கணும். வக்கீல் செலவு பாரமா இருந்தா ராமநாதபுரம் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவ பாருங்க, ஹைகோர்ட் வழக்குக்கு எங்க விண்ணப்பிக்கணும்னு அவங்களே சொல்லுவாங்க.