பார்க்கின்சன் நோயில் செல்களைக் காக்கும் புரதங்கள் ஏன் கெட்டுப்போகின்றன? ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தால் சரியாகுமா?

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடமாகிறது. நான் உயிர்வேதியியல் படித்தவன் என்பதால் சொந்தக்காரர்கள் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வாழைக்காயிலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பேன்.

வாழைக்காய் நறுக்கும்போது அம்மா பக்கத்திலேயே மோர் கலந்த தண்ணீர் வைத்திருப்பார். வில்லைகளை உடனே அதில் போடாவிட்டால் ஓரம் பழுப்பேறி, கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கு முக்கியக் காரணம் டோபமைன் என்ற வேதிப்பொருள். மூளையில் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் அதே டோபமைன்தான், வாழையிலும் நிறைய உண்டு. வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரிந்து குயினோன் ஆகிறது. குயினோன் சும்மா இருக்காது, கையில் கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும். (சாப்பிடுகிற டோபமைன் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதனால் வாழைக்காய் இதற்கு மருந்தும் இல்லை, கெடுதலும் இல்லை.)

இப்போது நடுமூளைக்கு வருவோம். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் இருக்கும் செல்கள் ஆயுள் முழுக்க டோபமைன் தயாரிக்கின்றன. பார்க்கின்சனில் அழிவது இந்தச் செல்கள்தான். லத்தீனில் அந்தப் பெயருக்குக் கரும்பொருள் என்று அர்த்தம். டோபமைனில் ஒரு பங்கு அங்கேயும் ஆக்சிஜனேறிக் கறுப்பு நிறமியாகப் படிகிறது. மீதியை நொதிகள் சிதைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் இதுபோன்ற பொருட்கள் கசிகின்றன. ஆக, நோயே இல்லாவிட்டாலும் அந்தச் செல்களுக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் (இப்படிப்பட்ட பொருட்கள் செல்லைத் தாக்குவது) தினசரிப் பாடு.

அதைத் தாங்கிக்கொள்ளத்தான் காவல் புரதங்கள். ஒன்றின் பெயர் பார்க்கின். இதன் மரபணுவில் பிழை இருந்தால் இளம் வயதிலேயே பார்க்கின்சன் வருவதை 1998-ல் ஜப்பானியக் குடும்பங்களில் கண்டார்கள். பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேல் ‘இதை அப்புறப்படுத்து’ என்று அடையாளம் ஒட்டுவது இதன் முக்கிய வேலை. 465 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தில் 35 சிஸ்டீன்கள். சிஸ்டீனில் ஒரு கந்தக அணு உண்டு. பார்க்கின் வேலை செய்வதே அந்தக் கந்தகத்தால்தான். குயினோன் வந்து ஒட்டுவதும் அதே கந்தகத்தில்தான். ஒட்டியதும் புரதத்தின் வடிவம் குலைகிறது, கரையாமல் திரண்டுவிடுகிறது. மரபணு நன்றாக இருக்கிறவர்களுக்கும் காவல் போவது இப்படித்தான்.

2021-ல் கனடா ஆய்வாளர்கள் மனித நடுமூளையைப் பரிசோதித்தபோது, நடுத்தர வயது தாண்டியவர்களிடம் பார்க்கின் பெரும்பாலும் கரையாத நிலையில் இருந்தது. அவர்களுக்குப் பார்க்கின்சனே இல்லை! தீங்கான டோபமைன் எச்சங்களைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பார்க்கின் செல்லைக் காப்பாற்றுகிறது என்பது அவர்கள் கருத்து. முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது.

டிஜே-1 என்ற புரதமும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதில் 106-ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டீன் ஓரளவு ஆக்சிஜனேறினால் புரதம் சுறுசுறுப்பாகிறது. அளவு மீறினால் செயலிழந்துவிடுகிறது.

சரி, மாத்திரை? அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளை வைத்து தினம் 2000 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 1993-ல் முடிவு வந்தது. பிறகு 600 பேரிடம் சோதித்த கோஎன்சைம் க்யூ10 என்ற இன்னொரு ஆன்டி-ஆக்சிடன்டும் கைகொடுக்கவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வைட்டமின் ஈ செல்லின் கொழுப்புச் சவ்வில் தங்குவது. புரதத்தின் கந்தகத்தில் இறுகப் பிணைந்துவிட்ட குயினோனை அது கழற்றாது. அதோடு, கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் டிஜே-1-க்குத் தேவையும்கூட.

அப்பா விஷயத்தில் முதலில் மாறியது கையெழுத்து. செக்கில் போட்ட கையெழுத்து சுருங்கிச் சுருங்கி எறும்பு அளவுக்கு வந்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் போனோம். அதற்குள் அந்தக் கறுப்புச் செல்களில் கணிசமான பங்கு போயிருக்கும்.

ஆகவே ஆன்டி-ஆக்சிடன்ட் டப்பாக்களுக்குக் கொடுக்கிற பணத்தைப் பிசியோதெரபிக்குக் கொடுங்கள். மூளையில் டோபமைனாக மாறும் மருந்தான லெவோடோபாவை டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கொடுங்கள். முட்டை, பருப்பு மாதிரிப் புரத உணவோடு சேர்த்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறையும். நாங்கள் டாக்டரிடம் கேட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கிறோம். அப்பா இப்போதும் காலையில் தானே சட்டைப் பொத்தான் போடுகிறார். பத்து நிமிடம் ஆகும், நாங்கள் யாரும் கை கொடுப்பதில்லை.