மே மாச லீவுக்கு மதுரைல இருந்து இலங்கை போலாமா? மழைல மாட்டிக்குவோம்னு சொல்றாங்களே, உண்மையா?

தாராளமா போங்க. ஆனா கிழக்குப் பக்கம் போங்க. பெந்தோட்டை, ஹிக்கடுவ, காலி, மிரிஸ்ஸன்னு தென்மேற்கு, தெற்குக் கடற்கரைப் பக்கம் மட்டும் மே மாசத்துல ரூம் போட்றாதீங்க.

நாங்க மொத தடவ போனது மே மூணாவது வாரம். பிள்ளைகளுக்கு லீவு, இங்க மதுரைல வெயில் மண்டையப் பொளக்குது, டூர் ஏஜென்ட் ஒருத்தர் பெந்தோட்டைல மூணு நாள் பீச் பேக்கேஜ் இருக்கு சார், இப்ப ரேட்டும் கம்மின்னு போட்டுக் குடுத்தாரு, ஏன் கம்மின்னு ஒரு வார்த்தை சொல்லல. போய் எறங்குன அன்னிக்கே மழை. கடல் செம்மண் கலர்ல பொங்கிட்டு இருக்கு, கரைல செவப்புக் கொடி, யாரையும் தண்ணிக்குள்ள விடல. எங்க சின்னப் பொண்ணு காத்தடிச்ச ட்யூப மடில வெச்சுக்கிட்டு ரூம் வராண்டாலயே உக்காந்திருந்தா, மூணு நாளும்.

அங்க இருந்து நுவரெலியா போனோம். அங்கயும் தூறல், பனி, எதுத்தாப்ல வர்ற ஆள் தெரியல. அடுத்த நாள் நானுஓயா ஸ்டேஷன்ல, எல்லங்கிற மலையூருக்குப் போற ரயில் ஏறுனோம். பட்டிப்பொலன்னு ஒரு ஸ்டேஷன் வரும், 1,891 மீட்டர் உயரம், இலங்கைலயே ஒசரமான ஸ்டேஷன் அதான். அதைத் தாண்டி ஒரு குகைக்குள்ள ரயில் போகுது, உள்ள போறப்ப ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியுது, வெளிய வந்தா பளீர்னு வெயில், கீழ பள்ளத்தாக்கு முழுக்க தெரியுது! பக்கத்து சீட்ல இருந்த பதுளைக்காரர் "இந்தப் பக்கம் வேற காலம், அந்தப் பக்கம் வேற காலம் தம்பி"ன்னாரு. அங்கதான் எனக்கு விஷயமே புரிஞ்சது.

நம்ம போடிமெட்டு தெரியும்ல? ஆனி ஆடில மேல ஏறி பூப்பாறை பக்கம் போனா மழை கொட்டும், திரும்பிப் பாத்தா போடி காஞ்சு கெடக்கும். அதே தென்மேற்குக் காத்துதான் மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்கயும் அடிக்குது, நடுவுல நிக்கிற மலை (உச்சி பிதுருதலாகலை, 2,524 மீட்டர்) மேகத்த மறிச்சு மேற்குப் பக்கமே கொட்ட வெச்சிருது. அந்த ஈரமான பக்கத்துல வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை, நம்ம மதுரைக்கு சராசரி 900 கூட கெடையாது, அப்ப பாத்துக்கங்க. மலையத் தாண்டி கிழக்க வர்றப்ப அந்தக் காத்துல ஈரமே இருக்காது. திருகோணமலை, மட்டக்களப்பு ஆளுங்க அதுக்கு கச்சான்னு பேரு வெச்சிருக்காங்க (நெலக்கடலைக்கும் அங்க கச்சான்தான்). மொத்த நாடே 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதி, அதனால சின்னத் தீவு, எங்கயும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு நெனச்சுர்றாங்க. அப்படி இல்லவே இல்ல.

ரெண்டாவது தடவயும் மே மாசந்தான் போனோம், இந்த வாட்டி நாங்களே பிளான் போட்டு. மதுரைல இருந்து கொழும்பு ஃப்ளைட் ஒரு மணி நேரந்தான், எறங்கி நேரா வேன்ல தம்புள்ள பக்கம், மறுநாள் காலைல வெயிலுக்கு முன்னாடி சிகிரியா ஏறிட்டோம் (அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன் கட்டுன பாறைக் கோட்டை, ஏழு மணிக்கெல்லாம் ஏற ஆரம்பிச்சிருங்க), சாயங்காலம் திருகோணமலை. நிலாவெளிக் கடல்ல இடுப்பளவு தண்ணில நின்னா காலு வெரல் தெரியுது. அந்த ட்யூப் அப்பதான் தண்ணியப் பாத்துச்சு. படகுல புறாத்தீவு போனா பவளப்பாறை பாக்கலாம், தயவுசெஞ்சு அது மேல கால வெக்காதீங்க, ஒடஞ்சா திரும்ப வளர வருஷக்கணக்காகும். ரொம்பச் சின்னப் பிள்ளைகன்னா மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா, ரொம்ப தூரம் நடந்தாலும் ஆழம் வராது.

மதுரைக்காரங்க கட்டாயம் பாக்க வேண்டியது திருகோணமலைல இருக்கற கோணேஸ்வரம் சிவன் கோயில். நம்மூர்ல சமணர்களோட வாதம் பண்ணுன அதே சம்பந்தர் இந்தக் கோயிலுக்கும் பதிகம் பாடியிருக்காரு. பழைய கோயில போர்த்துகீசியர் 17-ம் நூற்றாண்டுல இடிச்சு, அந்தக் கல்லயே வெச்சு கோட்டை கட்டுனாங்க, இப்ப கோயிலுக்குப் போற வழியே அந்தக் கோட்டை வாசல்தான். வாசல்ல எல்லாரும் மானுக்கு வாழப்பழம் குடுத்துக்கிட்டே உள்ள போயிர்றாங்க. நீங்க நின்னு நெலைக்கல்லப் பாருங்க, தமிழ்க் கல்வெட்டும் பாண்டியரோட ரெட்டை மீனும் இருக்கு. எங்க வீட்டம்மா அதைக் கையால தடவிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

தேதி போடறதுக்கு முன்னாடி வெசாக் பௌர்ணமி (புத்தர் பொறந்த நாள்னு அங்க கொண்டாடுற திருவிழா) எப்பன்னு பாத்துக்கங்க. சில வருஷம் நம்ம அழகர் ஆத்துல எறங்குற அதே பௌர்ணமி, சில வருஷம் அடுத்தது. ரோடு முழுக்க காகிதக் கூடு வெளக்கு கட்டியிருப்பாங்க, தன்சல்னு பந்தல் போட்டு வர்றவங்களுக்கெல்லாம் சும்மாவே சாப்பாடு போடுவாங்க, நம்ம மண்டகப்படி நீர்மோர்ப் பந்தல் மாதிரியே.

அரையாண்டு லீவுக்குப் போறதா இருந்தா அப்படியே திருப்பிப் போடுங்க, டிசம்பர்ல வாடைக்காத்து கிழக்கதான் மழையக் கொண்டாரும், அப்ப காலி, மிரிஸ்ஸ அருமையா இருக்கும், திமிங்கலம் பாக்க படகு போறதும் அப்பதான். விசாவ ஆன்லைன்ல கெளம்புறதுக்கு முன்னாடியே போட்ருங்க. மலைப்பக்கமும் போறீங்கன்னா ஆளுக்கொரு ஸ்வெட்டர், மே மாசமா இருந்தாலும்.